மலைநாட்டுக் கல்லும் மறைந்த கடலுயிர்களும்

கட்டுகஸ்தோட்டையில் பிங்கா ஓயாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மகாவலி கங்கை வளைந்து செல்லும் இடம் கடல் மட்டத்துக்கு 400 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. எத்திசை நோக்கினும் மலைகளே கண்ணிற்படும். கடலை அடைய வேண்டுமாயின் எப்பக்கமும் நெடுந்தூரம் செல்லல் வேண்டும். ஆயினும் இவ்வூரைச் சூழ்ந்த கண்டிப் பிரதேசத்துப் பாறைகளுள் ஒரு பெரும் பகுதி ஒருகாலத்தில் கடலடியிற் படிந்த சேறாகவும் மணலாகவும் சுண்ணமாகவும் இருந்தது என்பது புவிச்சரிதவியலார் கண்ட முடிபு.

இம்முடிபு வெறும் ஊகமன்று. கண்டிக்குக் கிழக்கே திகனை, குண்டசாலைப் பகுதிகளிலும், வடக்கே மாத்தளைப் பகுதியிலும் வெட்டியெடுக்கப்படும் சலவைக்கல்லும் தொலமைற்றும் சுண்ணக்கல்லின் மாறிய வடிவங்கள். மலைமுகடுகளாக நீண்டு கிடக்கும் குவார்ட்சைற்று பழைய மணற்கல்லின் வழிவந்தது. செந்நிறக் கார்னெற்று மணிகளும் ஊசி போன்ற சில்லிமனைற்றும் பொதிந்த பாறைகள் களிமண் மிகுந்த சேற்றிலிருந்து பிறந்தவை. அலுமினியம் மிகுந்த களிமண்ணைக் கடுமையாகச் சூடாக்கினாலன்றி அத்தகைய கனியங்கள் அவ்வளவு மிகுதியாகத் தோன்றமாட்டா. மணல், களி, சுண்ணம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்துக் கிடக்குமாயின் அங்கே கடலொன்று இருந்தது எனக் கொள்வதே பொருத்தம். இப்பிரதேசத்துப் பாறைகள் யாவும் அவ்வாறு வந்தவை அல்ல என்பதையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். உருகிய பாறைக்குழம்பு இறுகி, பின்னர் உருமாறியவையும் அவற்றோடு கலந்துள்ளன.

அவ்வாறாயின், அக்கடலில் வாழ்ந்த உயிர்கள் எங்கே? யாழ்ப்பாணத்துக் கிணற்றை வெட்டும்போது வெளிப்படும் கல்லில் சிப்பியும் சங்கும் பவளமும் தெரிகின்றன. கட்டுகஸ்தோட்டைக் கல்லை எத்துணை உடைப்பினும் ஒரு சிப்பியும் வெளிப்படுவதில்லை. இதனைக் கண்டு, அக்கடலில் உயிரே இருந்ததில்லை என்று முடிவு செய்யலாமா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், கடலுயிர் ஒன்று கல்லில் நிலைபெறுவது எவ்வாறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதிலும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் நிலைபெறும் முறையை அறிவதே இன்றியமையாதது. ஏனெனில் கடலின் உயிர்த்தொகையிற் பெரும் பங்கு அவையே. கடலடையல்களிற் சிப்பியும் மீனும் இல்லாத இடத்தும் அவை இருத்தல் கூடும்.

கடலின் நுண்ணுயிர்களுள் கல்லில் இடம்பெறுவன பெரும்பாலும் ஓடு உடையவை. போராமினிபெரா எனப்படும் துளைதாங்கிகள் ஒற்றைக் கல உயிர்கள். அவற்றுட் பல கல்சியங் காபனேற்றினால் அறை அறையாக ஓடு கட்டிக்கொள்வன. அவ்வோடு பெரும்பாலும் மணற்றுணிக்கையின் அளவினது. கொக்கோலித்து என்னும் சுண்ணத் தட்டுக்களைத் தம்மேற் போர்த்திக்கொள்ளும் பாசியினங்கள் அவற்றினும் மிகச் சிறியவை. ஒரு தட்டின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே. தயற்றம் என்னும் பாசியும் றேடியோலேரியா என்னும் விலங்கொத்த உயிரும் கண்ணாடி போன்ற சிலிக்காவினால் தம் கூட்டை அமைக்கின்றன. இவையன்றி, எளிதில் அழியாத கரிமப்பொருளினாற் சுவர் எழுப்பிய உறைகளும், நிலத்திலிருந்து காற்றும் ஆறும் கொண்டுவந்த மகரந்தமணிகளும் கடற்சேற்றிற் காணப்படும். ஆகவே சுண்ணம், சிலிக்கா, கரிமப்பொருள் என ஓடுகள் மூவகைப்படும். இம்மூன்றுக்கும் பகை வேறு, காவலும் வேறு.

வெண்சுண்ணக்கல் முழுவதும் இத்தகைய நுண்ணிய ஓடுகளால் ஆயது என்பதை 1830களில் நுணுக்குக்காட்டி கொண்டு கண்டறிந்தவர் செருமானிய அறிஞர் ஏரன்பேர்க். 1868ஆம் ஆண்டில் நொறிச்சு நகரத் தொழிலாளருக்கு ஆங்கில அறிஞர் ஹக்ஸ்லி நிகழ்த்திய பேருரை, தச்சன் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒரு சுண்ணக்கட்டியைக் கொண்டே இச்செய்தியைப் பொதுமக்களிடம் சேர்த்தது. பின்னர் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சலஞ்சர் என்னும் கப்பல் ஆழ்கடலின் அடியிலிருந்து சேற்றை அள்ளி வந்தபோது, பல இடங்களில் அச்சேறு பெரும்பாலும் துளைதாங்கிகளின் ஓடுகளே என்பது தெளிவாயிற்று.

எனினும் கடலில் இறந்த உயிர் யாவும் கல்லில் இடம்பெறுவதில்லை. இறந்தவுடன் தொடங்கும் இடர்கள் பல. கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழ்ந்த துளைதாங்கி இறந்தால் அதன் ஓடு சில நாட்களில், அல்லது ஓரிரு வாரங்களில், ஆழ்கடலின் அடியை அடைந்துவிடும். கொக்கோலித்துத் தட்டோ தனித்து விழுமாயின் அடியைச் சேரப் பல பதின்ம ஆண்டுகள் செல்லும். அதற்குள் நீரிற் கரைந்தொழியும், அல்லது நீரோட்டத்தாற் சிதறுண்டு போகும். இருந்தும் கடலடியில் அத்தட்டுக்கள் கோடிக்கணக்கிற் குவிந்திருப்பது எவ்வாறு? மேற்பரப்பிற் பாசியை உண்ணும் சிற்றிறால் போன்ற நுண்விலங்குகள் அவற்றைச் சீரணிக்கமாட்டாமல் எச்சத்தோடு கழித்துவிடுகின்றன. எச்சவுருண்டை கனமானது, அது விரைந்து மூழ்குகின்றது. அதனுள்ளே பொதியப்பட்ட தட்டுக்கள் கடல்நீரோடு நேரே உறவாடாமல் நாட்கணக்கில் அடியைச் சேர்கின்றன. உண்ணப்பட்டதனாலேயே பேணப்பட்டது என்று கூறத்தக்க இவ்விந்தை, இத்துறையில் அறியத்தக்கனவற்றுள் தலையாயது.

அடியைச் சேர்ந்தபின்னும் சுண்ண ஓட்டுக்கு அச்சம் நீங்குவதில்லை. ஆழம் செல்லச் செல்லக் கடல்நீர் குளிர்ந்து, அமுக்கம் மிகுந்து, காபனீரொட்சைட்டு நிறைந்து, சுண்ணத்தைக் கரைக்கும் ஆற்றல் பெறுகிறது. இந்து சமுத்திரத்தின் வெப்பவலயப் பகுதியில் ஏறத்தாழ 4,500 முதல் 5,000 மீற்றர் ஆழத்தின் கீழ், விழுகின்ற சுண்ணம் யாவும் கரைந்துவிடும். உயர்ந்த மலையின் முகட்டில் மட்டும் பனி தங்கி, அடிவாரத்தில் உருகிப்போவது போல, கடலடியிலுள்ள மேடுகள் வெண்சேறு போர்த்தும், ஆழ்ந்த பள்ளங்கள் செந்நிறக் களி போர்த்தும் கிடக்கின்றன. சிலிக்கா ஓடுகளின் நிலை இன்னும் பரிதாபத்துக்குரியது. கடல்நீரில் எவ்வாழத்திலும் சிலிக்கா நிறைவுறாமலே இருத்தலால் அவை எங்கும் கரைகின்றன. தயற்றங்கள் ஆக்கும் சிலிக்காவில் நூற்றில் மூன்று பங்களவே நிலையாகப் புதையுண்கிறது. அங்ஙனமிருந்தும் சில இடங்களிற் சிலிக்காச் சேறு பெருகிக் கிடக்கின்றதெனின், கரையும் வேகத்தினும் விழும் வேகம் அங்கே மிகுதி என்பதே காரணம்.

இனிச் சேற்றினுள் நிகழ்வனவற்றை நோக்குவோர், பேணுதலும் அழித்தலும் ஒரே இடத்தில் அருகருகே நடைபெறுவதைக் காண்பர். ஒட்சிசன் உள்ள மேற்படையிற் புழுக்களும் சிறு நண்டுகளும் சேற்றைக் கிளறி உண்கின்றன. அதன் கீழே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. அங்கே வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து ஒட்சிசனைப் பெற்று, ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. அவ்வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைற்று என்னும் பொன்னிறக் கனியமாகிறது. இறந்த துளைதாங்கியின் அறைக்குள்ளே எஞ்சிய ஊன் இப்பற்றீரியாக்களுக்கு நல்லுணவு. ஆதலால் பைரைற்று அவ்வறைக்குள்ளேயே படிகிறது. பின்னர் ஓடு கரைந்தொழிந்தாலும், அறையின் வடிவம் பொன் வார்ப்பாக எஞ்சும். பசுமை நிறமான குளோக்கனைற்று என்னும் கனியமும் இங்ஙனமே அறைகளை நிரப்புவதுண்டு. வார்ப்பு வேலை அறிந்தோருக்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை: மெழுகுருவம் உருகி ஓடிய இடத்தில் உலோகம் நிற்றல் போன்றது அது.

சேறு விரைவிற் படிதல் நன்று. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சதமமீற்றர் அளவே படிதலால், ஓடு நெடுங்காலம் திறந்தவெளியிற் கிடக்க நேர்கிறது. களிமண்ணாற் புதைதல் மிகவும் நன்று. களியினூடு நீர் எளிதிற் செல்லாது, நீர் செல்லாதவிடத்துக் கரைதலும் குறைவு. தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலுள்ள கிரித்தேசியக் காலத்துக் கடலடையல்கள் இதற்குச் சான்று. 1862ஆம் ஆண்டில் பிளான்போர்ட் என்பார் விரிவாக எழுதிய இப்படைகளுள், காரை என்னும் ஊரை அடுத்த களிப்படை புகழ்பெற்றது. அக்களியைத் தண்ணீரில் ஊறவைத்து, நுண்ணிய அரிதட்டில் அலசி, எஞ்சியதை உலர்த்தினால், பத்துக்கோடி ஆண்டளவு பழமையான துளைதாங்கிகள் மணல்போல உதிரும். அவற்றை ஈரந்தோய்ந்த மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுக்கலாம். கடினமான சுண்ணக்கல்லாயின் இது கைகூடாது. அதனை ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்கு தடிப்பாகத் தேய்த்து, ஒளி ஊடுருவச் செய்து, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குதல் வேண்டும்.

சேற்றுக்குள் உயிர்களைக் காக்கும் மற்றொரு பேழையும் உண்டு. அழுகும் ஊனைச் சூழ்ந்த நீரின் இரசாயன இயல்பு மாறுபடுதலால், அவ்வுயிரைச் சுற்றிக் கனியம் படிந்து கல்லுருண்டையாக இறுகிவிடும். மேலே படியும் சேற்றின் பாரம் மற்றையவற்றை நசுக்குவதற்கு முன்னமே இஃது இறுகிவிடுதலால், உள்ளே இருப்பது வடிவு குலையாது நிற்கும். இந்து மக்களின் வீடுகளிற் பூசிக்கப்படும் சாளக்கிராமங்களுட் பல இவ்வாறு தோன்றியவையே. நேபாளத்தில் முக்திநாத்தை அடுத்துக் கண்டகி நதி அரித்துவரும் அக்கற்கள், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் யுராசிக் காலக் கடற்சேற்றிற் புதைந்த அமோனைற்று என்னும் உயிர்களின் சுருளோடுகளைத் தம்முட் கொண்டவை. திருமாலின் சக்கரமாக அடியார் கண்டு வணங்கும் வடிவு, மறைந்த கடலொன்றின் கையெழுத்துமாகும் என அறிவதனால் அவ்வழிபாட்டுக்குக் குறைவு யாதுமில்லை. அமோனைற்று பேருயிர், ஆயினும் அதே முறையில் இறுகிய சுண்ண உருண்டைகளினுள் றேடியோலேரியா போன்ற நுண்ணுயிர்களும் பல நாடுகளில் நசுங்காமற் கிடைத்துள்ளன.

இலங்கையில் நுண்ணுயிர்ச் சுவடுகளைக் காண்பதற்கு உரிய களம் யாழ்ப்பாணக் குடாநாடும், அதன் தெற்கே மேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை நீண்டு செல்லும் சுண்ணக்கல்லுமாம். இக்கல் மயோசீன் காலத்தது என்பதை வேலண்ட், மோர்லி டேவிஸ் ஆகிய இருவரும் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை நிலைநாட்டியது. இக்கல்லிற் காணப்படும் துளைதாங்கிகளுள் ஒன்று தபெரினா மலபாரிக்கா என நெடுங்காலம் அழைக்கப்பட்டுவந்தது. தட்டையான வட்டவடிவுடைய அது, தன் இனத்தாரோடு ஒப்பிடுமிடத்துப் பேருருவம் உடையது. கூரிய கண்ணுடையார் நுணுக்குக்காட்டி இன்றியே அதனைக் காணக்கூடும். பம்பாயில் மருத்துவராக இருந்த கார்ட்டர் என்பவர் மலையாளக் கரையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1853ஆம் ஆண்டளவில் அதற்கு மலபாரின் பெயரை இட்டார். கொல்லத்தை அடுத்த சுண்ணக்கல்லிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலும் அவ்வினமே கிடைத்தலால், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விரு கரைகளையும் ஒத்த இயல்புடைய வெதுவெதுப்பான ஆழமற்ற கடல் தழுவிநின்றது என்பது தெளிவு. இரண்டு தேசத்துக் கற்களை ஒரு காலத்தன என்று இணைத்துக் காட்டுதற்கு ஒரு சிறு வில்லை போதுமாயிற்று.

யாழ்ப்பாணக் கல்லிலும் யாவும் ஒருபடியாகப் பேணப்படவில்லை. சங்கு, பவளம் ஆகியவற்றின் ஓடு அரகனைற்று என்னும் வகைச் சுண்ணத்தால் ஆயது. அது நிலைப்புக் குறைந்தது. கடல் பின்வாங்கியபின் மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லமிலமாகிக் கல்லினூடு இறங்கியபோது, அரகனைற்று முதலிற் கரைந்தது. ஆகவே அக்கல்லிற் பல சங்குகள் வெற்று அச்சாகவே காணப்படுகின்றன. துளைதாங்கிகளின் ஓடோ பெரும்பாலும் கல்சைற்று வகையினது. அது தன்னிடத்திருந்த மகனீசியத்தை இழந்தும், மணிமணியாக மீளப் படிகமாகியும் வடிவத்தைக் காத்துக்கொண்டது. குடாநாட்டு மக்களுக்குக் குடிநீர் தரும் நிலத்தடிக் குகைகளையும் நிலாவரை போன்ற ஆழ்கிணறுகளையும் ஆக்கிய அதே நீரே, சங்கை அழித்துத் துளைதாங்கியை விட்டுவைத்தது. காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை நடைபெற்ற சீமெந்துத் தொழிலுக்காக அகழப்பட்ட கற்களோடு இத்தகைய சுவடுகள் எத்தனையோ சூளைக்குட் சென்றன. தொழில் வேண்டுவதே, ஆயினும் அகழ்ந்த ஒவ்வொரு படையிலிருந்தும் ஒரு கூடை கல்லையாவது எடுத்துப் பேணுதல் கல்விநிலையங்களுக்கு அரிய செயலன்று.

நுண்ணுயிர்ச் சுவடுகளின் பயன் அறிவின்பத்தோடு நிற்பதன்று. மன்னார்க் கடற்பகுதியில் 2011ஆம் ஆண்டில் துளையிடப்பட்டு இயற்கை வாயு காணப்பட்டபோதும், உலகில் எங்கு எண்ணெய் தேடித் துளையிடினும், துளைக்கருவி மேலே கொணர்வது விரலளவினும் சிறிய கற்றூளே. அதிற் சிப்பி முழுதாக வாராது; துளைதாங்கி முழுதாக வரும். அதனைக் கொண்டே எக்காலத்துப் படையைக் கருவி எட்டியது என்பது அறியப்படும். மேலும், கரிமச் சுவருடைய நுண்சுவடுகள் சூட்டினால் நிறம் மாறும் இயல்பின. பொன்மஞ்சளாயிருப்பது கபிலமாகி, இறுதியிற் கருகும். கபில நிறத்தன உள்ள படையில் எண்ணெய் விளையக்கூடும்; முற்றும் கருகிய படையில் எண்ணெயை எதிர்பார்த்தல் வீண்.

இந்நிறமாற்றமே கட்டுகஸ்தோட்டைக்கு மீளவும் வழிகாட்டுகிறது. கரிமச் சுவர்கள் கருகுவதற்கு இருநூறு பாகைச் சதமவளவைச் சூடு போதும். சிலிக்காக் கூடுகளோ நூறு பாகையும் எட்டுமுன்னரே கண்ணாடித்தன்மை நீங்கிக் குவார்ட்சாக மாறத் தொடங்கும். கண்டிப் பிரதேசத்து அடையல்கள் அடைந்த சூடோ 800 முதல் 900 பாகை; சிற்சில இடங்களில் அதனினும் மிகுதி. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலிற் படிந்த அவை, ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொந்துவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, நிலக்கண்டங்களின் மோதலில் 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தப்பட்டு, பிசைந்த மாவெனக் குழைந்து மடிந்தன. சுண்ணச் சூளையிற் கல்லை இவ்வளவு சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நிலத்தின் ஆழத்திலோ அமுக்கம் மிகுதியாதலால் வாயு எளிதில் வெளியேறமாட்டாது. கல்சைற்று மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துச் சலவைக்கல்லாகும். எடின்பரோவைச் சேர்ந்த சேர் ஜேம்ஸ் ஹோல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுண்ணத்தூளைத் துப்பாக்கிக் குழலுள் அடைத்து மூடிச் சூடாக்கி, சலவைக்கல் போன்ற பொருளைப் பெற்று இவ்வுண்மையைக் காட்டினார். மணிகள் இவ்வாறு பெருக்கும்போது நுண்ணிய ஓட்டின் வடிவம் நிலைத்தல் இயலாது. ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கான எழுத்தை, ஐந்து மில்லிமீற்றர் அளவான மணிகள் பிறந்து மூடிவிட்ட ஏட்டில் எவ்வாறு படிப்பது?

இவ்விடத்து எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க வரலாறு ஒன்றுண்டு. கனடாவிலும் கண்டிச் சலவைக்கல்லைப் போன்று கடுமையாக உருமாறிய பழைய சுண்ணக்கற்கள் உள. அவற்றில் வெண்ணிறக் கல்சைற்றும் பச்சைநிறச் சேர்ப்பெந்தீனும் மாறிமாறி அடுக்கப்பட்ட சில கட்டிகள் கிடைத்தன. மொன்றியல் நகரத்துப் பேரறிஞர் டோசன் அவற்றை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அவை பேருருவான ஒரு துளைதாங்கியின் சுவடு என்று முடிவு செய்து, 1865ஆம் ஆண்டில் ‘கனடாவின் விடியல் விலங்கு’ எனப் பொருள்படும் ஈயோசூன் கனடென்சே என்னும் பெயரை இட்டார். கல்சைற்று ஓடு என்றும், சேர்ப்பெந்தீன் அறைகளை நிரப்பிய பொருள் என்றும் அவர் கொண்டார். டார்வின் தம் நூலின் 1866ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனைத் தம் கொள்கைக்குத் துணையாக எடுத்தாண்டார். ஆனால் அயர்லாந்தின் கோல்வே நகரத்திலிருந்த கிங், றவுனி ஆகிய இருவரும், இது உயிரன்று, சூட்டினாற் பிறந்த கனிய அடுக்கே என்று அவ்வாண்டிலேயே மறுத்தெழுதினர். பல்லாண்டு நீடித்த அப்பூசல், 1894ஆம் ஆண்டில் வெசூவியசு எரிமலை கக்கிய சுண்ணக்கற் கட்டிகளில் அதே அமைப்புக் காணப்பட்டதோடு ஓயலாயிற்று. எரிமலைச் சூட்டில் அண்மையிற் பிறந்த ஒன்று ஆதிகால விலங்காதல் எங்ஙனம்?

டோசன் சிறியவரல்லர், கற்றோரே கனியக் கோலத்தை உயிரென மயங்கினர் எனின், மாணவர் மயங்குதல் வியப்பன்று. கண்டிச் சலவைக்கல்லிலும் சேர்ப்பெந்தீனும் பிற பச்சை, மஞ்சள் நிறக் கனியங்களும் பட்டைபட்டையாக வருவதுண்டு. பாறை வெடிப்புக்களில் பன்னச் செடியின் இலைபோலக் கரிய கோலங்கள் படர்ந்திருப்பதும் உண்டு. பின்னது நீர் கசிந்த வழியில் மங்கனீசு ஒட்சைட்டுப் படிந்ததனால் வந்தது. அதனை இலைச்சுவடு என்று காட்சிப்பெட்டியில் வைத்தல் தகாது.

இதற்கு எதிரான மயக்கமும் ஒன்றுண்டு, அதுவே பெரிது. 19ஆம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் உலகின் மிகப் பழைய பாறைகளுக்கு உயிரற்ற காலத்துப் பாறைகள் என்று பெயரிட்டனர். சுவடு இல்லை, ஆகவே உயிர் இல்லை என்பது அவர் அளவை. இவ்வளவையின் பிழையை வெளிப்படுத்தியதும் கனடா நாட்டுக் கல்லே. சுப்பீரியர் ஏரியின் வடகரையிலுள்ள கன்ஃபிளின்ற் என்னும் பாறைத்தொகுதியில், சக்கிமுக்கிக் கல்லினத்தைச் சேர்ந்த கரிய சேட்டுக் கல்லை மெல்லியதாகத் தேய்த்து நோக்கியபோது, நூல்போன்றும் உருண்டையாகவும் உள்ள நுண்ணுயிர்கள் தென்பட்டன. இதனை ரைலர், பார்கோன் ஆகிய இருவரும் 1954ஆம் ஆண்டில் அறிவித்தனர். அப்பாறையின் வயது ஏறத்தாழ 188 கோடி ஆண்டு. கண்டிப் பிரதேசத்துக் கடலடையல்கள் படிந்த காலத்துக்கு அது மிக அண்மையது. ஓடோ எலும்போ இல்லாத அவ்வுயிர்கள் நிலைத்ததற்குக் காரணம் இரண்டு: அழுகுவதற்கு முன் சிலிக்காக் கூழ் அவற்றின் சுவருக்குள்ளும் புறத்தும் ஊறி இறுகியது; அதன் பின்னர், நுண்ணுயிர்கள் கிடைத்த பகுதிகளில், அக்கல்லைக் கடுஞ்சூடு தீண்டவில்லை. முதலாவது காவல் கண்டிக் கடலிலும் ஒருகால் நேர்ந்திருக்கலாம். இரண்டாவது நேரவில்லை.

ஆகவே கட்டுகஸ்தோட்டையைச் சூழ்ந்த பாறைகளில் துளைதாங்கியைத் தேடுதல் இருவகையானும் பயனற்றது. சூடு அழித்தது ஒன்று. அப்பாறைகள் படிந்த காலத்தில் துளைதாங்கி உலகில் தோன்றியிருக்கவில்லை என்பது மற்றொன்று. ஓடு கட்டும் உயிர்கள் அதற்கு நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பின்னரே கடலிற் பெருகின. அக்கடலில் வாழ்ந்திருக்கக்கூடியவை பற்றீரியாவும் அதனை ஒத்த பாசியுமே. அவை முற்றும் சுவடின்றி மறைந்தனவோ எனின், அவ்வாறும் கூறுதற்கில்லை. கார்னெற்றும் சில்லிமனைற்றும் உள்ள பாறைகளிலும், சலவைக்கல்லிலும், பென்சில் செய்ய உதவும் காரீயம் சிறு செதில்களாக மின்னுவதைக் காணலாம். சேற்றோடு புதைந்த உயிர்ப்பொருள் சூட்டினால் தன் ஐதரசனையும் ஒட்சிசனையும் இழந்து, தூய காபனாகி, படிகமாக எஞ்சியதே அச்செதில்கள் எனப் பலரும் கருதுகின்றனர். உயிர்கள் தம் உடலிற் கனங்குறைந்த காபனையே மிகுதியாகச் சேர்ப்பன; அச்செதில்களின் காபனை அளந்தோர் அதனிடத்து அவ்வியல்பின் அடையாளத்தைக் கண்டுள்ளனர். போகலைச் சுரங்கம் போன்ற இடங்களில் நரம்புநரம்பாக ஓடும் காரீயம் இதனின் வேறு; பாறை வெடிப்புக்களினூடு சென்ற பாய்பொருள்களிலிருந்து படிந்த அதன் காபன் எங்கிருந்து வந்தது என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. செதிற் காரீயத்தில் உயிரின் வடிவம் இல்லை, பெயர் இல்லை, இனம் இல்லை. உயிர் இருந்தது என்னும் ஒரு செய்தி மட்டுமே உண்டு. எரிந்த வீட்டில் எஞ்சிய கரியைக் கொண்டு அங்கே மரம் இருந்தது என்று கூறலாம். அது தூணா கதவா என்று கூறல் அரிது.

மழைக்காலத்தில் மகாவலி செந்நிறமாகக் கட்டுகஸ்தோட்டையைக் கடந்து செல்லும்போது, சிதைந்த இப்பாறைகளின் களியும் மணலும் கார்னெற்றுத் துணிக்கைகளும் காரீயச் செதில்களும் அந்நீரோடு செல்கின்றன. பொல்கொல்லை அணை 1976 முதல் அந்நீரில் ஒரு பகுதியை வடக்கே திருப்புகிறது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கமும் அதன் கீழுள்ள தேக்கங்களும் வண்டலிற் பெரும்பங்கைத் தம்மடியில் தங்கவைத்துக்கொள்கின்றன. அவற்றைத் தப்பியதும், அணைகள் எழுமுன் சென்றதும், திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் விழுந்து, அங்கிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் பெரும் பள்ளத்தாக்கின் வழியே வங்கக் கடலின் அடியைச் சேர்கின்றன. அச்சேற்றின் மேல் இக்காலத்துத் துளைதாங்கிகளின் வெண்ணிற ஓடுகள் நாள்தோறும் விழுந்துகொண்டிருக்கின்றன. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலை நிரப்பிய களி, மீண்டும் ஒரு கடலின் அடியில் அவற்றை மூடுகின்றது.